சிற்றளவுக் கதிர்வீச்சும் அபாயக் கணக்கும்

ஓர் அணு சிதைவுறும்போது எழும் ஒற்றைக் கதிரைக்கூட எண்ணிவிடவல்ல நுட்பமான கருவிகள் நம்மிடம் இருக்கின்றன. ஆயினும் அவ்வளவு துல்லியமாக அளந்தறிந்த கதிர்வீச்சு மனித சரீரத்தில் பிற்காலத்தில் புற்றுநோயாக விளையுமா என்று கேட்டால், விஞ்ஞானம் மிகுந்த தயக்கத்துடனேயே விடை கூறுகிறது. அந்தத் தயக்கத்தைச் சிலர் உண்மையை மறைக்கும் தந்திரமென்று கொள்கின்றனர். வேறு சிலர் அபாயமே இல்லை என்பதற்கு அத்தாட்சியாகக் கொள்கின்றனர். இரு சாராரும் பிழைபட்டனர் என்பதே என் துணிபு.

நமக்குக் கிடைத்துள்ள பிரதான சாட்சியம் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அளித்தது. 1945 ஆகஸ்டில் அணுகுண்டுகளுக்குத் தப்பிப் பிழைத்தவர்களையும், ஒப்பீட்டின் பொருட்டு அச்சமயம் ஊரில் இல்லாதவர்களையும் சேர்த்து, ஏறக்குறைய 1,20,000 பேரை 1950 முதல் ஆயுள் முழுவதும் தொடர்ந்து கவனித்துவரும் ஆராய்ச்சி அது. குண்டு வெடித்த கணத்தில் ஒருவர் எங்கே இருந்தார், எத்திசை நோக்கி நின்றார், இடையே சுவர் ஏதும் மறைத்ததா என்றெல்லாம் விசாரித்து, அவரவர் உடல் ஏற்ற கதிர்வீச்சைக் கணக்கிட்டார்கள். வீட்டுச் சுவர்கள் அதனை எவ்வளவு தடுக்கும் என்பதை அறிவதற்காக அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் ஜப்பானிய பாணி வீடுகளைக் கட்டி, மிக உயர்ந்த கோபுரமொன்றிலிருந்து அவற்றின்மீது கதிர்களைப் பாய்ச்சி 1962-இல் சோதித்தும் பார்த்தார்கள். இரத்தப் புற்றுநோய் சில ஆண்டுகளிலேயே மிகுந்தது; ஏனைய புற்றுநோய்களோ பத்தாண்டுகள் போல மறைந்திருந்து, பின்னர் தலைகாட்டின. 1958 முதல் 1998 வரை இம்மக்களிடையே கண்ட 17,448 புற்றுநோய்களுள் சுமார் 850 கதிர்வீச்சின் விளைவாக மிகுந்தவை என்று மதிப்பிட்டனர். அந்த 850 பேர் யார் யார் என்று எந்த வைத்தியராலும் சுட்டிக்காட்ட இயலாது. கதிரால் வந்த புற்றுக்கென்று தனி லட்சணம் ஏதும் கிடையாது.

சிற்றளவுகளை ஆராயப் புகும்போது எழும் சங்கடம் இதுவே. நூறு பேர் ஆளுக்கு 100 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சைப் பெற்றால் அவர்களுள் ஒருவருக்கு அதனால் புற்றுநோய் வரக்கூடும் என்றும், அதே நூறு பேரில் 42 பேருக்கு வேறு காரணங்களால் அது வரும் என்றும் 2006-இல் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் குழு மதிப்பிட்டது. புகைப்பழக்கம், உணவு, வயது, பரம்பரை ஆகிய அனைத்தும் அந்த 42-ஐக் கூட்டியும் குறைத்தும் அலைக்கழிக்கும்போது, அதன்மேல் ஏறிய ஒன்றை எவ்வாறு பிரித்தறிவது? 1,000 மில்லிசீவர்ட்டின் தீங்கைக் கண்டறிய 500 பேரை ஆராய்வது போதுமாயின், 100 மில்லிசீவர்ட்டுக்கு 50,000 பேரும், 10 மில்லிசீவர்ட்டுக்கு 50 லட்சம் பேரும் வேண்டும். வயிற்றை ஒருமுறை சி.டி. ஸ்கேன் செய்தால் உடல் ஏற்பது ஏறக்குறைய அந்தப் பத்துதான். இயற்கையிலிருந்தே உலக மாந்தர் சராசரியாக ஆண்டுதோறும் 2.4 மில்லிசீவர்ட் பெறுகின்றனர்.

ஆகவே பேரளவுகளில் கண்ட தீங்கிலிருந்து பூஜ்யம்வரை ஒரு நேர்கோட்டை வரைந்து, அளவு பாதியானால் அபாயமும் பாதியாகும் என்று அனுமானிக்கிறார்கள். பொதுஜனங்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட், கதிர்வீச்சோடு பணிபுரியும் தொழிலில் இருப்போருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 என்னும் வரம்புகளுக்கு ஆதாரம் இந்த அனுமானமே. நிரூபணம் முற்றுப்பெறாத இடத்தில் எச்சரிக்கையின் பக்கம் சாய்வது நியாயமென்று நான் கருதுகிறேன். எனினும் இக்கோட்டைப் பற்றிக்கொண்டு, மிகச் சிறிய அபாயத்தைக் கோடிக்கணக்கான ஜனங்களால் பெருக்கி, இத்தனை பேர் மடிவார்கள் என்று அறிவிப்பது அதன் தகுதிக்கு மீறிய பிரயோகம்; சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்புக் குழுவே 2007-இல் இதனைக் கண்டித்திருக்கிறது.

இந்த நேர்கோடு சிற்றளவுகளிலும் பொருந்துமா என்று மக்களிடையே ஆராய்ந்தோரும் உண்டு. கதிர்வீசும் தோரியம் பொதிந்த மோனசைட் மணல் நிறைந்தது கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரை. கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுகளுக்குமேல் கவனித்தும், கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாகக் காணவில்லை. மெல்ல மெல்ல வந்து சேரும் கதிரின் காயத்தை உயிரணுக்கள் சீர்செய்துகொள்ளும் என்போருக்கு இது பலம் சேர்க்கிறது. ஆனால் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் அணுத்துறைத் தொழிலாளர் மூன்று லட்சம் பேரைப் பற்றி 2015-இல் வெளியான ஆய்வோ, மெல்ல வந்த கதிரும் ஹிரோஷிமாக் கணக்கை ஒத்த விகிதத்தில் தீங்கிழைப்பதாகக் கூறுகிறது. அம்மணல்மீதே பிறந்து வளரும் மீனவக் குடும்பங்களுக்கு ஆறுதல் மொழியையோ பீதியையோ மட்டும் தருவது அநீதி. இவ்விரண்டு முடிவுகளையும், ஒவ்வொன்றின் எல்லையையும் அவர்கள் அறிந்திருப்பது அவர்களது உரிமை.

சிற்றளவின் தீங்கு ஐயத்துக்கு அதிகம் இடமின்றி வெளிப்பட்ட ஓரிடம் தாயின் கருப்பை. ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய ஆலிஸ் ஸ்டீவர்ட் என்னும் வைத்தியர், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மாரையும் பிற தாய்மாரையும் விசாரித்து, கர்ப்ப காலத்தில் எடுத்த எக்ஸ்ரே படங்களுக்கும் இம்மரணங்களுக்கும் தொடர்புண்டு என்று 1956-இல் அறிவித்தார். குழந்தைப் பருவப் புற்றுநோய் இயல்பிலேயே மிக அரிதாதலால், 10 மில்லிசீவர்ட் போன்ற அற்ப அளவு விளைவித்த நாற்பது சதவிகித அதிகரிப்பும் அங்கே மறைய இடமின்றிப் போயிற்று. ஆயினும் மருத்துவ உலகம் அவரை நம்பப் பல்லாண்டுகள் ஆயின. அதுகாறும் கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்ரே எடுக்கும் வழக்கம் நீடித்தது.