எண்ணூர்க் காற்றில் எட்டு மடங்கு உழைப்பு

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று கடந்துபோனால், ஓரமாகச் சைக்கிள் மிதிப்பவருக்கு ஓரிரு விநாடி மிதி லேசாகிவிடும். லாரி பிளந்துபோட்ட காற்று மறுபடி வந்து சேரும்வரை அதன் பின்னால் எதிர்ப்பு குறைவு. லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு போவது உயிருக்கு உலை வைக்கும் காரியம். யாரும் செய்யக் கூடாது. ஆனால் ஒலிம்பிக்கிலும் ஆசிய விளையாட்டிலும் காமன்வெல்த்திலும் நடக்கும் சைக்கிள் பந்தயங்களின் சூட்சுமம் இதே இயற்பியலில்தான் இருக்கிறது. சைக்கிள் வீரருக்கு முதல் எதிராளி காற்று.

மெதுவாக ஓட்டும்போது டயரில் வீணாகும் ஆற்றல் கணிசமானது. ரப்பர் அழுந்தி மீளும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகிப் போகிறது. மணிக்கு 40 கி.மீ.யைத் தாண்டினால் கணக்கே மாறிவிடும். வீரர் செலவிடும் ஆற்றலில் 80 சதவீதத்துக்கும் மேல் காற்றைத் தள்ளவே போகிறது. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடியாகவும், அதை வெல்லத் தேவையான திறன் மும்மடியாகவும் கூடுவதே காரணம். 30 கி.மீ. வேகத்தை 60 ஆக்க வேண்டுமானால், காற்றுக்காக மட்டும் எட்டு மடங்கு உழைக்க வேண்டும்.

இந்த எதிர்ப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஓட்டுபவரின் உடம்பால் வருவது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பிரிட்டனின் கிறிஸ் போர்ட்மேன், கார்பன் இழையில் வார்த்த லோட்டஸ் சைக்கிளில் தங்கம் வென்றபோது உலகமே அந்த சைக்கிளைப் பார்த்து வியந்தது. கைகளை முன்னே நீட்டி, தலையைத் தாழ்த்தி, முதுகைத் தட்டையாக்கி அவர் உட்கார்ந்த விதத்துக்கும் அந்த வெற்றியில் பெரிய பங்கு உண்டு.

நால்வர் ஓட்டும் குழுப் பந்தயத்தில் முன்னால் இருப்பவர் காற்றைத் தாங்க, பின்னால் வரும் மூவரும் உழைப்பில் மூன்றிலொரு பங்கு அளவுக்கு மிச்சம் பிடிக்கிறார்கள். முன்னவர் களைத்ததும் ஓடுதளத்தின் சாய்வான வளைவில் மேலேறி, வரிசையின் கடைசியில் வந்து சேர்ந்துகொள்வார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலிய அணி இப்படித்தான் 4 கி.மீ. தூரத்தை 3 நிமிடம் 40.730 விநாடியில் கடந்து அன்றைக்கு உலக சாதனை படைத்தது. நின்ற இடத்திலிருந்து கிளம்பியும் சராசரி வேகம் மணிக்கு 65 கி.மீ.!

'கெய்ரின்' பந்தயத்தில் இதுவே தந்திரமாகிறது. ஒரு மோட்டார் வண்டி முன்னால் போய், வேகத்தை மணிக்கு 50 கி.மீ. வரை ஏற்றிவிட்டு, மூன்று சுற்று மீதமிருக்கும்போது விலகிக்கொள்ளும். அதற்குப் பிறகு யார் எவர் முதுகுக்குப் பின்னால் பதுங்குவது, எப்போது வெளியே பாய்வது என்பதில்தான் பதக்கம் இருக்கிறது. இதில் தேர்ந்தவர் ஈசோ ஆல்பன். ராயபுரத்துக்கு அடுத்த சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினால் போய்ச் சேரும் அந்தமான் நிகோபார் தீவுகளைச் சேர்ந்தவர். 2018-ல் சுவிட்சர்லாந்தின் ஏகிளில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் கெய்ரின் வெள்ளி வென்றார். உலக டிராக் சைக்கிள் போட்டிகளில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. மறு ஆண்டே ரொனால்டோ சிங், ரோஜித் சிங் ஆகியோருடன் சேர்ந்து ஜூனியர் குழு ஸ்பிரின்ட்டில் தங்கமும் வென்றார். ஆனாலும் 1964 டோக்கியோவுக்குப் பிறகு, 2024 வரை இந்தியச் சைக்கிள் வீரர் எவரும் ஒலிம்பிக்கில் களமிறங்கவில்லை.

புழுக்கம் தரும் வேகம்

வடசென்னையின் புழுக்கத்தை யாரும் வரமாக நினைப்பதில்லை. இயற்பியல் வேறு மாதிரி சொல்கிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது, ஏனென்றால் நீர் மூலக்கூறு நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளைவிட எடை குறைந்தது. 33 டிகிரி வெயிலில் கசகசக்கும் திருவொற்றியூர்க் காற்று, 15 டிகிரியில் இருக்கும் உலர்காற்றைவிட சுமார் 7 சதவீதம் லேசு. உலகத்தரமான உள்ளரங்க ஓடுதளங்களில் சாதனை முயற்சியின்போது வேண்டுமென்றே வெப்பத்தைக் கூட்டுவதும் இதற்காகத்தான்.

சைக்கிளுக்கு வசதியான இந்தக் காற்று உடம்பை வதைக்கும். தசைகள் எரிக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது, மீதியெல்லாம் சூடு. பெடலில் 300 வாட் காட்டும் வீரரின் உடம்பில் ஏறக்குறைய 900 வாட் வெப்பம் பிறக்கிறது. அதை வியர்வையால் மட்டுமே வெளியேற்ற வேண்டுமானால் மணிக்கு சுமார் 1.3 லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியாக வேண்டும். ஈரக் காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டும். சொட்டிய வியர்வை குளிர்ச்சி தராது. இரண்டு வாரம் வெயிலில் முறையாகப் பயிற்சி செய்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் சுரக்கும். இந்தப் பழக்கத்துக்காகவே குளிர்நாட்டு வீரர்கள் சூடேற்றிய அறைகளில் மிதிக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கோ அது வாசலிலேயே கிடைக்கிறது.

நெஞ்சுக்குள் போகும் காற்று

சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறார். முழு வேகத்தில் மிதிப்பவர் 100 லிட்டருக்கும் மேல் இழுக்கிறார், அதுவும் வாய் வழியாக. மூக்கு வடிகட்டும் தூசியும் நேராக உள்ளே போகிறது. அனல்மின் நிலையங்கள், மணலி சுத்திகரிப்பு ஆலை, துறைமுக லாரிகள் எல்லாம் சூழ்ந்த பகுதியில் இது சின்ன விஷயமல்ல. காலைக் குளிர்ச்சி பயிற்சிக்கு ஏற்றதாகத் தோன்றும். ஆனால் காற்று அசையாத விடியலில் புகை தரையோடு தங்கிவிடும். கடற்காற்று எழுந்த பிறகு அது கலைந்து உள்நாட்டுப் பக்கம் நகரும், அதற்குள் வெயில் ஏறிவிடும். நல்ல காற்றா, தணிந்த வெயிலா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் எந்த இளம் வீரரும் இருக்கக் கூடாது.

2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளின் டிராக் சைக்கிள் பந்தயங்கள் மேலக்கோட்டையூரில், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தன. எண்ணூருக்கு அது மாநகரின் மறுகோடி. டயரும் மோட்டார் சைக்கிளும் லாரியும் செய்து நாட்டையே ஓடவைத்த வட்டாரம் இது. இதன் பிள்ளைகள் லாரிகளுக்கு நடுவே மிதித்துத்தான் பயிற்சி பெற வேண்டுமா? பைன் மரம் இழைத்த அரங்கம் உடனே தேவையில்லை. சாய்வான வளைவுகள் கொண்ட 333 மீட்டர் சிமென்ட் ஓடுதளம் ஒன்று போதும், பந்தயத்தின் பாடங்கள் அத்தனையும் அதில் கற்கலாம். கூடவே ஆலைப் புகையும் லாரிப் புகையும் குறைய வேண்டும். காற்றை வெல்லக் கற்கும் பிள்ளைகளுக்குச் சுவாசிக்கத் தகுந்த காற்றைத் தருவது நம் கடமை.