பழைய லேப்டாப் எதற்காகக் காத்திருக்கிறது?

அக்கா மகள் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். காலையில் லேப்டாப் பட்டனை அழுத்திவிட்டு அடுப்பில் உலை வைக்கப் போவாள். உலை கொதித்து, அரிசி களைந்து போட்டுவிட்டு வந்து பார்த்தால் திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். 2013இல் வாங்கிய லேப்டாப். மூன்றாம் தலைமுறை ஐ3 ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். “புதுசு வேணும்னு அப்பாகிட்ட எப்படிக் கேக்கறது மாமா?” என்றாள். “இப்பவே கேக்காதம்மா. முதல்ல இது எங்க நிக்குதுன்னு பாப்போம்” என்று சொல்லி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். ப்ராசஸருக்கு நேரே பத்து சதவீதம்கூட இல்லை. டிஸ்க் என்ற வரியில் மட்டும் நூறு, இறங்கவே இல்லை.

இது 2024 கோடையில் நடந்தது. நோய் எங்கே என்பதை அந்த ஒரு திரையே சொல்லிவிட்டது. ப்ராசஸர் பத்து வருடத்தில் கிழடு தட்டிப்போவதில்லை. வாங்கிய அன்று ஒரு விநாடியில் போட்ட கணக்கை இன்றும் அதே விநாடியில்தான் போடுகிறது. ஆனால் போட வேண்டிய கணக்கு அதன் கைக்கு வந்து சேர்வதில்லை.

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே காந்தப் பூச்சு கொண்ட வட்டத் தகடுகள் சுழல்கின்றன. லேப்டாப்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. தகட்டின் மேல், தொட்டும் தொடாமல், ஒரு சிறு கை முன்னும் பின்னும் ஓடித் தகவலைப் படிக்கிறது. 5400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லி விநாடி. தேவையான இடம் கையின் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் கை சரியான தடத்துக்கு நகரவும் ஏறக்குறைய 12 மில்லி விநாடி ஆகிறது. மொத்தம் 17 என்று வைத்துக்கொள்வோம். அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை விநாடிக்கு அறுபது போலத்தான் எடுக்க முடியும். விண்டோஸ் எழுந்து நிற்பதற்கு இப்படி ஆயிரக்கணக்கான துண்டுகள் வேண்டும்.

17 மில்லி விநாடி கண் இமைப்பதைவிடக் குறைவு. நமக்குப் பெரிதாகப் படாது. ப்ராசஸரின் கணக்கில் பார்த்தால்தான் அதன் துன்பம் புரியும். 2 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் விநாடிக்கு 200 கோடி முறை துடிக்கிறது. ஒரு துடிப்பை நம்முடைய ஒரு விநாடியாக நீட்டிப் பாருங்கள். ரேமில் இருக்கும் தகவல் கைக்கு வர மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியிலிருந்து வர இரண்டரை நாளுக்குள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வர ஒரு வருடமும் ஒரு மாதமும். பக்கத்துத் தெருக் கடையில் உப்பு வாங்கிவர அனுப்பிய ஆள் அடுத்த வருடம் திரும்பி வருவதுபோல. அதுவும் ஒவ்வொரு துண்டுக்கும்.

எஸ்எஸ்டியில் சுழல்வதற்கும் நகர்வதற்கும் எதுவும் இல்லை. 1980களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம்தான் அதன் உயிர். நான்கு பக்கமும் மின்கடத்தாச் சுவர் எழுப்பிய மிகச் சிறிய அறைக்குள் எலக்ட்ரான்களை அடைத்து வைக்கும் ஏற்பாடு அது. உள்ளே எத்தனை அடைபட்டிருக்கின்றன என்பதுதான் தகவல். மின்சாரம் நின்றாலும் அவை வெளியேறாது. ஒரு பகுதி முழுவதையும் ஒரே வீச்சில் அழித்துவிடலாம். அது கேமரா ஃபிளாஷை நினைவுபடுத்தியதால்தான் இந்தப் பெயர் வந்தது.

ரேமின் வேலை வேறு. கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 4 ஜிபி என்பது சின்ன மண்டபம். விண்டோஸ் வந்து உட்கார்ந்ததுமே பாதி இலை நிரம்பிவிடும். பிரவுசரில் நான்கு பக்கங்களைத் திறந்தால் ஒவ்வொன்றும் குடும்பத்தோடு வந்து அமரும். இன்னும் ஆள் வந்தால், பாதி சாப்பாட்டில் இருப்பவரை எழுப்பி வாசல் திண்ணையில் உட்கார வைத்து, இடத்தைப் புதியவருக்குக் கொடுக்க வேண்டும். திண்ணையில் இருப்பவர் கூப்பிட்டால் இன்னொருவரை எழுப்ப வேண்டும். ரேம் நிறைந்ததும் இயங்குதளம் இதையே செய்கிறது. அதன் திண்ணை ஹார்ட் டிஸ்க். ஒரு வருடமும் ஒரு மாதமும் ஆகும் அதே இடம். லேப்டாப் ‘ஹேங்’ ஆகிறது என்று நாம் சொல்லும் நேரத்தில் பெரும்பாலும் நடப்பது இந்த எழுப்பலும் உட்காரவைத்தலும்தான்.

ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு குட்டி மின்தேக்கி என்ற இணையில் வாழ்கிறது. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் 1968இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. இன்றைய ரேமும் அதே அடிப்படையில்தான் இயங்குகிறது. மின்தேக்கி ஓட்டைக் குடம் மாதிரி. ஒழுகிக்கொண்டே இருப்பதால் வழக்கமாக 64 மில்லி விநாடிக்குள் எல்லாக் குடங்களையும் ஒரு சுற்று நிரப்பியாக வேண்டும். மின்சாரம் போனால் எல்லாம் போச்சு. சேமிக்காத கடிதம் காணாமல் போவது இதனால்தான்.

கையில் காசு குறைவென்றால் எதை முதலில் மாற்றுவது? என் பதில் எஸ்எஸ்டி. கடைகளில் பலரும் ரேமைத்தான் முதலில் சொல்வார்கள். மாட்டுவது சுலபம், விண்டோஸ் மறுபடி போட வேண்டியதில்லை. ஆனால் ரேமை மட்டும் கூட்டினால் உலை கொதிக்கும் நேரம் குறையாது. எஸ்எஸ்டி போட்டால் திண்ணையே பந்திக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ரேம் போதாமல் போனாலும் வலி குறையும். லேப்டாப்பில் இருப்பது 4 ஜிபி என்றால் அடுத்த சம்பளத்தில் 8 ஆக்கலாம். படிப்பு, வீடியோ வகுப்பு, எழுத்து வேலை, கணக்கு எல்லாவற்றுக்கும் 8 போதும். வீட்டு உபயோகப் பழைய லேப்டாப்புக்கு 16 ஜிபி வாங்குவது, என் கணக்கில், வீண் செலவு.

வாங்கப் போகும் முன் லேப்டாப் என்ன ஏற்கும் என்று தெரிய வேண்டும். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று பார்க்கலாம். டிடிஆர்3 லேப்டாப் ரேமுக்கு 204 பின், டிடிஆர்4க்கு 260. வெட்டும் வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதில் ஏறாது. கவனம் தேவைப்படுவது டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டுக்கும் இடையில்தான். உருவத்தில் இரண்டும் ஒன்றே. முதலாவது 1.5 வோல்ட்டில் ஓடுவது. ‘எல்’ வகை 1.35 வோல்ட்டிலும் ஓடும். நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப்களிலிருந்து ‘எல்’ கட்டாயம். மற்றதைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவதே நல்லது. சில மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைக் கூட்ட வழியில்லை.

நான் சென்னை ரிச்சி தெருவுக்குத்தான் போனேன். அண்ணா சாலையை ஒட்டி, நரசிங்கபுரம் தெரு வரை நீளும் அந்தச் சந்தில் பழைய லேப்டாப்பின் எந்த உறுப்பும் கிடைக்கும். இரண்டரை அங்குல 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று புதிதாக, 4 ஜிபி ரேம் ஒன்று பழையதாக, மூவாயிரத்துக்குள் முடிந்தது. 2025 கடைசியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக் கணினிகளுக்கு அவை பெருமளவில் போகின்றன. அதனாலும் முதலில் எதை வாங்குவது என்பது முக்கியமாகிறது. ரேமைப் பழையதாக வாங்கலாம். ஓடும் பாகமில்லை, தேய்மானம் மிகக் குறைவு. மாற்றித் தருவதாகச் சொல்லும் கடையில் வாங்கி, வீட்டில் மெம்டெஸ்ட் மென்பொருளை ஓர் இரவு ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள். எஸ்எஸ்டியைப் பழையதாக வாங்காதீர்கள். எழுதி அழிக்கும்போதெல்லாம் அந்த அறைச் சுவர்கள் கொஞ்சம் தேய்கின்றன. 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு 80 டெராபைட் வரை எழுதலாம் என்று தயாரிப்பாளர் உறுதி தருவதுண்டு. நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் பத்து வருடத்துக்கு மேல் வரும் அளவு அது. முன்னால் வைத்திருந்தவர் அதில் எவ்வளவைத் தீர்த்தார் என்று யார் கண்டது? பெயரே கேள்விப்படாத 2 டெராபைட் எஸ்எஸ்டி அடிமாட்டு விலைக்கு வந்தால் தொடவே வேண்டாம். பெரிய எண்ணைக் காட்டிவிட்டு, கொஞ்சம் நிறைந்ததும் பழைய கோப்புகளின் மேலேயே எழுதும் போலிகள் உண்டு.

கழற்றும் வேலைக்கு ஒரு சிறிய ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும். முக்கியமான கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து வைத்த பிறகே தொட வேண்டும். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். பிறகு ஏதாவது இரும்பைத் தொட்டு உடலின் நிலைமின்னையும் இறக்கிவிடுங்கள். ஸ்க்ரூக்கள் நீளத்தில் வேறுபடும். குட்டையான இடத்தில் நீளமானதைத் திருகினால் போர்டைத் துளைத்துவிடும். அட்டையில் லேப்டாப்பின் அடிப்புறத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் அந்தந்த ஸ்க்ரூவைக் குத்தி வைப்பது என் வழக்கம். ரேமைச் சாய்வாக ஸ்லாட்டுக்குள் செருகி, தங்க நிறப் பின்கள் மறையும்வரை தள்ளி, கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கிளிப்பும் ‘டிக்’கென்று பிடிக்கும். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் சரியாக உட்காரவில்லை. பழைய ரேமின் பின்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, தூசி தட்டிப் போட வேண்டும். சர்வீஸ் கடைக்காரர்கள் முதலில் செய்வது இதைத்தான்.

பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்க குளோன்ஜில்லா போன்ற இலவச மென்பொருள் உண்டு. நான் புதிதாகவே இயங்குதளம் போட்டேன். பத்து வருடக் குப்பையைப் புது வீட்டுக்குச் சுமந்து போக மனமில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிடும் என்று அப்போதே தெரிந்திருந்தது. விண்டோஸ் 11 இவ்வளவு பழைய ப்ராசஸரை முறைப்படி ஏற்காது. எனவே லினக்ஸ் மின்ட் போட்டேன், தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்து. தமிழகப் பள்ளிகளில் 2011 முதல் லட்சக்கணக்கான மாணவர்களுக்குக் கிடைத்த விலையில்லா மடிக்கணினிகளில் சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் இருந்ததைப் பலர் மறந்திருப்பார்கள். லினக்ஸ் நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு அந்நியமில்லை.

மாறாதவையும் உண்டு. யூடியூபின் புதிய வீடியோ வடிவங்களை விரிக்கத் தனிச் சுற்று அந்தக் காலத்துச் சில்லில் கிடையாது. உயர்தர வீடியோ இன்னும் தடுமாறும். 480இல் வைத்தால் வகுப்பு ஓடிவிடும். இதை எஸ்எஸ்டி தீர்க்காது, ரேமும் தீர்க்காது.

இப்போது பட்டனை அழுத்தினால் அரை நிமிடத்துக்குள் வேலைக்குத் தயார். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி பெட்டிக்குள் போட்டுக் கொடுத்தேன். எஸ்எஸ்டி கெட்டால் பல நேரம் முன்னறிவிப்பே இருக்காது. போன தகவலை மீட்பதும் கடினம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தன் குறிப்புகளையெல்லாம் அந்தப் பழைய டிஸ்க்கில் நகலெடுக்கிறாள். பெரிய கோப்புகளை வரிசையாக எழுதுவது அதற்கு இன்றும் நன்றாகவே வரும். முடிந்ததும் கழற்றி, துணியில் சுற்றி, அலமாரியில் வைத்துவிடுகிறாள்.