சுழல மறுத்த காற்றாடிகள்!
லண்டன் நகரில் 43 மாடிக் கட்டிடத்தின் கதை

லண்டன் நகரின் தென்பகுதியில் ஒரு பேட்டை இருக்கிறது. அதன் பெயர் "எலிபென்ட் அண்டு காசில்". அதாவது, "யானையும் கோட்டையும்"!

அங்கே யானையும் இல்லை, கோட்டையும் இல்லை. ஆனால், 43 மாடிக் கட்டிடம் ஒன்று வானளாவ நிற்கிறது. பெயர் "ஸ்ட்ராட்டா". உயரம் 148 மீட்டர். 2010-ம் ஆண்டில் கட்டி முடித்தார்கள்.

அதன் உச்சியில் மூன்று பெரிய ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு ராட்சதக் காற்றாடி! குறுக்களவு 9 மீட்டர்.

தூரத்தில் இருந்து பார்த்தால், முகச்சவரம் செய்யும் மின்சார எந்திரம் போலவே இருக்கும். லண்டன்வாசிகளும் "ரேசர்" என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

கட்டிடத்துக்கு வேண்டிய மின்சக்தியில் 100-க்கு 8 பங்கு இந்தக் காற்றாடிகளில் இருந்தே கிடைக்கும் என்று கணக்குப் போட்டு இருந்தார்கள்.

நடந்தது என்ன?

காற்றாடிகள் பெரும்பாலும் சும்மாவே நிற்கின்றன என்று பத்திரிகைகள் எழுதின. போதாக்குறைக்கு, கட்டிடக்கலைப் பத்திரிகை ஒன்று அதே ஆண்டில் அதற்கு "அவலட்சணக் கட்டிடம்" என்று பரிசு வேறு கொடுத்தது!

காற்று ஏமாற்றுவது ஏன்?

திறந்த வெளியில் காற்று ஆறு போல ஓடும். நகரத்தில் அப்படி அல்ல. வீடுகளிலும் மாடிகளிலும் மோதி, பாறையில் மோதிய தண்ணீர் போலச் சுழித்துக்கொண்டு வரும். ஒரு நொடி கிழக்கே. மறு நொடி மேற்கே.

ஸ்ட்ராட்டாவின் காற்றாடிகளோ ஓட்டைக்குள் பதித்தவை. காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்ப அவற்றால் முடியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. காற்றின் வேகம் பாதியானால் மின்சாரமும் பாதியாகும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. எட்டில் ஒரு பங்குதான் கிடைக்கும்!

கூரைக்கு ஒரு காற்றாடி

இங்கிலாந்தில் 2006-ம் ஆண்டு, வீட்டுக் கூரையில் வைக்கும் சின்னக் காற்றாடிகள் கடைக்கே விற்பனைக்கு வந்தன. பொருத்தும் கூலியுடன் விலை சுமார் 1,500 பவுண்டு. மின்சாரக் கட்டணம் குறையும் என்ற ஆசையில் பலர் வாங்கினார்கள்.

பிறகு, 26 கட்டிடக் காற்றாடிகளை வைத்துச் சோதனை நடத்தினார்கள். 2009-ல் முடிவு வெளிவந்தது. சில காற்றாடிகள் கொடுத்த மின்சாரத்தைவிட, அவற்றின் கருவிகள் தின்ற மின்சாரமே அதிகம்!

உயர்ந்த மாடிகளில் வைத்தவை மட்டும் நன்றாக வேலை செய்தன. ஆனால், "சத்தம் தாங்கவில்லை" என்று அங்கே குடியிருந்தவர்கள் புகார் செய்தார்கள். அவற்றையும் நிறுத்தவேண்டியது ஆயிற்று.

பஹ்ரைன் தீவில் வேறு விதமாகச் செய்தார்கள். 2008-ல் அங்கே பாய்மரம் போன்ற இரண்டு கோபுரங்களைக் கட்டி, நடுவே 29 மீட்டர் குறுக்களவு உள்ள மூன்று காற்றாடிகளை மாட்டினார்கள். கடல் காற்று அந்த இடுக்கில் நுழைந்து வேகம் எடுக்கும். காற்றுக்காகக் கட்டிடத்தையே வளைத்துவிட்டார்கள்!

காற்றாடி வாங்க நினைப்பவர்கள், முதலில் கூரையில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவியை வைத்து, பல மாதம் பார்க்கவேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். சராசரி வேகம் நொடிக்கு 5 மீட்டராவது இருக்கவேண்டும். நகரத்து வீடுகளில் பெரும்பாலும் அது கிடைப்பது இல்லை.