கோழிகளின் வெள்ளைக் கழிச்சலும் தடுக்கும் முறையும்

தாம்பரம், சேலையூர், முடிச்சூர்ப் பக்கங்களில் புழக்கடையில் கோழி வளர்க்கும் குடியானவர்களுக்குப் பெரும் நஷ்டம் விளைவிப்பது வெள்ளைக் கழிச்சல் என்னும் இராணிக்கேட் வியாதியாகும். 1926-ல் இங்கிலாந்தின் நியூகாஸிலில் காணப்பட்ட வியாதியும் இதுவே.

வியாதியுற்ற கோழி இரை எடாது. இறகு சிலிர்த்து வாய் திறந்து மூச்சு வாங்கும். பச்சையும் வெண்மையுமாகக் கழியும். கழுத்துத் திருகி மடியும். கண்டபின் தீர்க்கும் மருந்தில்லை; முன்னதாகத் தடுப்பதே உபாயம். குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் லசோட்டா சொட்டு மருந்தும், எட்டாம் வாரம் இறக்கையில் தடுப்பூசியும் இடுவித்தல் வேண்டும்.

சாகுமுன் சந்தைக்கு அனுப்பிக் கிடைத்த விலையைக் கொள்வோம் என்று எண்ணுதல் தகாது. அவ்வொரு கோழியால் பல ஊர்க் கூண்டுகள் பாழாகும். மடிந்தவற்றைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்து, கிராமாதிகாரிகள் வாயிலாகக் கால்நடை மருந்தகத்துக்கு உடனே அறிவிப்பது யாவர்க்கும் நலம்.