மூணு பைசா தேடப் போய் முழு ரூபாய் வாங்கி வந்தவர்!

உங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டைக் கொஞ்சம் துழாவிப் பாருங்களேன். பழைய கல்யாணப் பத்திரிகைகள், சாவி இல்லாத பூட்டு, பூட்டு இல்லாத சாவி... இவற்றுக்கு அடியில் நிச்சயம் ஒரு டப்பா இருக்கும். குலுக்கினால் ‘கலகல’ என்று சத்தம் வரும். தாத்தா சேர்த்தது. இல்லையென்றால், ஆறாம் வகுப்புப் படிக்கும்போது நீங்களே சேர்த்தது. ஓட்டைக் காலணா ஒன்று, தாமரைப்பூ போட்ட இருபது பைசா ஒன்று, காண்டாமிருகம் போட்ட நாலணா இரண்டு, எந்த ஊர் என்றே தெரியாத வெளிநாட்டுக் காசு நாலு. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். எதுவுமே முழுசாக இருக்காது!

ஏன் முழுசாகவில்லை? தேடிய காசு கிடைக்காததாலா? இல்லீங்க. தேடாத காசு கிடைத்ததால்!

நம்ப முடியவில்லையா? எங்கள் சித்தப்பாவின் கதையைக் கேளுங்கள்.

சித்தப்பா ரிட்டயர் ஆன புதிதில் தூக்கம் வராமல், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். ரத்த அழுத்தமும் ஏறிக்கொண்டே போனது. குடும்ப டாக்டர் மாத்திரையோடு ஒரு யோசனையும் எழுதிக் கொடுத்தார். “மனசுக்கு ஏதாவது வேலை கொடுங்க சார். சும்மா உட்காராதீங்க” என்றார். அப்போதுதான் சித்தி, சமையலறை அலமாரியிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்து அவர் முன்னால் கவிழ்த்தார். கல்யாணமான புதிதிலிருந்து சேர்த்து வைத்த சில்லறை! அதில் மூணு பைசாக்கள் மட்டும் தனியாக ஒரு பிடி இருந்தன.

மூணு பைசா ஞாபகம் இருக்கிறதா? அலுமினியத்தில் அறுகோண வடிவம், காற்றடித்தால் பறக்கும் போல எடையே இருக்காது. நம் நாட்டில் 1957 ஏப்ரல் 1 அன்று அணா கணக்குப் போய் தசம நாணயம் வந்தது. ‘நயா பைசா’ என்ற பேரில் இருந்த ‘நயா’வை 1964-ல் எடுத்துவிட்டார்கள். அதே 1964-ல்தான் மூணு பைசா பிறந்தது. 1971-ஆம் வருஷத்தோடு அதன் கதை முடிந்தது. ஆக மொத்தம் எட்டே வருஷம். அடித்த ஆலைகள் பம்பாய், கல்கத்தா, ஹைதராபாத் என்று மூன்று. எல்லா வருஷமும் எல்லா ஆலையிலும் அடிக்கவில்லை என்பதால் ஒரு செட்டுக்கு இருபத்தி நாலு காசுகூடத் தேவையில்லை.

“இத்தனூண்டுதானே? ஆறு மாசத்துல முடிச்சுக் காட்டறேன் பார்” என்றார் சித்தப்பா. அட்டையில் கட்டம் போட்டார். பேனாவால் வருஷம் எழுதினார். வருஷத்துக்குக் கீழே சின்னதாக டைமண்ட் இருந்தால் பம்பாய். ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். அறுபதுகளில் அதே ஹைதராபாத், நடுவில் புள்ளி வைத்த டைமண்டும் போட்டிருக்கிறது. அதனால் லென்ஸ் இல்லாமல் இந்த விளையாட்டு நடக்காது.

முதல் மாதத்திலேயே பாதிக் கட்டங்கள் நிரம்பிவிட்டன. தூக்கம் வந்தது. சித்தியிடம் எரிந்து விழுவதும் குறைந்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகுதான் இடைவேளை!

அமெரிக்காவில் கிளார்க் ஹல் என்ற உளவியல் அறிஞர் 1932-ல் ஒரு விஷயம் எழுதினார். தீனி வைத்த இடத்தை நோக்கி ஓடும் எலி, தீனி நெருங்க நெருங்க வேகமாக ஓடுகிறதாம். நாமும் ஏறத்தாழ அப்படித்தான். ஆரம்பத்தில் புதுசு என்ற சூடு. கடைசியில் ‘இன்னும் ஒண்ணுதானே’ என்ற வேகம். இந்த இரண்டுக்கும் நடுவேதான் ஆபத்து. சுலபமான காசெல்லாம் கிடைத்து முடிந்திருக்கும். கிடைக்காதது மாதக்கணக்கில் கிடைக்காது. கையோ ஏதாவது வாங்கத் துடிக்கும். மனசு என்ன செய்யும்? ‘அது கிடைக்கலேன்னா என்ன, இது நல்லாருக்கே’ என்று பக்கத்துத் தட்டைப் பார்க்கும்.

சித்தப்பாவும் பார்த்தார். 1995-ல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக வந்த திருவள்ளுவர் காசு. வாங்கினார். தமிழன் வாங்காமல் இருக்க முடியுமா? சரி. அடுத்து, 2010-ல் வந்த தஞ்சைப் பெரிய கோயில் ஐந்து ரூபாய். அதையும் வாங்கினார். அப்புறம் அண்ணா, காமராஜர், எம்.எஸ்.சுப்புலட்சுமி. அப்புறம் மலேசியா, சிங்கப்பூர். அப்புறம் ‘ஒரு கவர் நூறு ரூபாய்’ என்று விற்ற தபால் தலை! அட்டையில் மூணு பைசாக் கட்டங்கள் மூன்று காலியாகவே கிடந்தன. சித்தியின் புடவை அலமாரியில் மட்டும் ஒரு தட்டு பறிபோனது.

இதெல்லாம் சில்லறைச் சபலம். பெரிய சபலம் ஒரு நாணயக் கண்காட்சியில் காத்திருந்தது.

ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாய். வருஷம் 1939! சேகரிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த வருஷத்தின் பேரைச் சொன்னாலே கண் விரியும். 1938 சாதாரணமாகக் கிடைக்கும், 1940-ம் கிடைக்கும். 1939 கிடைக்காது. அதனாலேயே அதில் போலிகள் ஏராளம். கடைக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னாராம். “சார், உங்களுக்காகத்தான். வெளில எடுக்கவே இல்ல. பதினெட்டாயிரம். நாளைக்கு வந்தா இருக்காது.”

நாளைக்கு வந்தால் இருக்காது! இந்த வாக்கியத்தை எங்கே கேட்டாலும் உங்கள் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். துணிக்கடையானாலும் சரி, மனைக்கட்டு விற்பவரானாலும் சரி.

சித்தப்பா பிடித்துக்கொள்ளவில்லை. அந்தப் பதினெட்டாயிரம் எதற்காக எடுத்து வைத்த பணம் தெரியுமா? வலது கண்ணில் புரை. அடுத்த மாதம் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தது. “அது என்ன, மெதுவாப் பண்ணிக்கலாம். இது மறுபடி கிடைக்குமா?” என்று மனசு கணக்குப் போட்டிருக்கிறது.

ஒரு வாரம் கழித்து விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டினார். அவர் தராசில் வைத்தார். அசல் வெள்ளி ரூபாய் 11.66 கிராம் இருக்க வேண்டும். இது அதற்கு வெகு தூரம். ஓரத்தையும் எழுத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். கண்காட்சியோ முடிந்துவிட்டது. கடை எங்கே, கடைக்காரர் எங்கே!

அன்றைக்கு ராத்திரி மறுபடியும் தூக்கம் போனது. சித்தியிடம் சொல்லவும் தைரியம் இல்லை. மாதாந்திரப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் எகிறியிருந்ததைப் பார்த்து டாக்டர் துருவியபோதுதான் விஷயமே வெளியே வந்தது.

இதைப் படிக்கும் உங்களுக்கு ‘என்ன மனுஷர்!’ என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் சபலத்தை வெறும் மன உறுதியால் ஜெயித்துவிடலாம் என்று நினைப்பதுதான் நாம் செய்யும் தப்பு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷல் என்பவர் 1970-ஐ ஒட்டிய வருஷங்களில் சின்னக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். ‘இப்பவே வேணும்னா ஒரு மிட்டாய். நான் வர்ற வரைக்கும் காத்திருந்தா ரெண்டு.’ மிட்டாயைக் கண்ணெதிரே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்த குழந்தைகள் சீக்கிரம் தோற்றுப்போயின. மூடி மறைத்து வைத்தபோதும், பாட்டு, விளையாட்டு என்று கவனம் வேறு பக்கம் போனபோதும் அதிக நேரம் தாக்குப்பிடித்தன. (அப்படிக் காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் ஓஹோவென்று வந்தார்கள் என்றும் சொல்வதுண்டு. 2018-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு அதை அவ்வளவாக ஆதரிக்கவில்லை. அது வேறு கதை.) நமக்கு வேண்டியது இதுதான்: கண்ணில் படாத மிட்டாய் பாதி மிட்டாய்!

சித்தப்பாவுக்கு டாக்டர் செய்த வைத்தியமும் இதே வழிதான். ‘நாணயம் சேர்க்காதே’ என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனுஷர் உடைந்தே போயிருப்பார். “கண்காட்சிக்குப் போங்க. ஆனா சட்டைப் பையில இல்லாத காசுகளோட லிஸ்ட் இருக்கணும். பர்ஸுல ஐந்நூறு ரூபாய்க்கு மேல இருக்கக் கூடாது. கார்டு வீட்டுல. லிஸ்டுல இல்லாத ஒண்ணு பிடிச்சுப் போச்சுன்னா வாங்காதீங்க, டயரியில எழுதுங்க. ஒரு மாசம் கழிச்சும் அதே ஆசை இருந்தா அம்மாகிட்ட கேட்டுட்டு வாங்குங்க” என்றார்.

இதில் சூட்சுமம் எங்கே இருக்கிறது தெரியுமா? அந்த டயரியில்தான். ‘வேண்டாம்’ என்று மனசிடம் சொன்னால் அது அடம் பிடிக்கும். ‘அப்புறம்’ என்று சொன்னால் பேசாமல் இருந்துவிடும். நம் வீட்டுக் குழந்தைகளிடம் கடைத்தெருவில் நாம் செய்வதில்லையா? சித்தப்பாவின் டயரியில் முதல் மாதம் பதினோரு காசுகளின் பெயர் ஏறியது. மாதக் கடைசியில் திருப்பிப் பார்த்தபோது, அதில் ஏழு எதற்காக எழுதினோம் என்றே அவருக்குத் தெரியவில்லையாம்!

‘இது நடந்தால் இப்படிச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பவர்கள், ‘பார்த்துக்கலாம்’ என்று போகிறவர்களைவிட அதிகம் காரியம் முடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் அறிஞர் 1999-ல் எழுதியிருக்கிறார். டாக்டர் அதைப் படித்தாரோ என்னவோ, அவருடைய யோசனை அந்த ரகம்தான்.

இன்னொரு சபலம் இப்போது கைக்குள்ளேயே இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் செல்போனைத் திறந்தால், ‘வைஷ்ணோதேவி படம் போட்ட காசு இருக்கா? லட்சக்கணக்கில் பணம்!’ என்று வீடியோ ஓடும். நம்பாதீர்கள். அது 2012-ல் வெளிவந்த சாதாரண நினைவு நாணயம். பழைய காசை வாங்கிக்கொள்வதாக ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி, கமிஷன், வரி என்று பணம் பறிக்கும் கும்பலைப் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. ரிசர்வ் வங்கி இந்த வியாபாரம் செய்வதே இல்லை. பணம் போவது ஒரு பக்கம். ராத்திரி வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெடுவது இன்னொரு பக்கம்.

வீட்டில் காசு டப்பா வைத்திருப்பவர்களுக்கு இங்கேயே இரண்டு வார்த்தை. தவழும் குழந்தை இருந்தால் டப்பாவை உயரத்தில் வையுங்கள். குழந்தை காசை விழுங்கிவிட்டால் வாழைப்பழம் கொடுப்பது, தலைகீழாகப் பிடித்துத் தட்டுவது, வாந்தி எடுக்க வைப்பது, எதுவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி. விழுங்கியது காசா, பொம்மையில் போடும் பட்டன் பேட்டரியா என்று சந்தேகம் இருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. பேட்டரி இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அப்புறம், காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள் அம்மா! குத்துவிளக்குக்குத்தான் புளி. காசைத் தேய்த்தால் அதன் மேல்தோலும் போகும், மதிப்பும் போகும்.

சரி, சித்தப்பாவுக்கு வருவோம். கண் ஆபரேஷன் நாலு மாதம் தள்ளிப்போனது. பென்ஷனில் மிச்சம் பிடித்து மறுபடி பணம் சேர்க்க வேண்டியிருந்ததே! அந்த நாலு மாதமும் லென்ஸை வைத்துக்கொண்டு தடவித் தடவித்தான் பார்த்தார். விளக்கைப் பார்த்தால் ஒளி சிதறுகிறது, எழுத்து மங்குகிறது என்றார். புரை அப்படித்தான் செய்யும். சொட்டு மருந்தால் அது கரையாது, ஆபரேஷன்தான் வழி. ஒருவழியாக அதுவும் நடந்தது.

கட்டுப் பிரித்து, டாக்டர் ‘இனிமே படிக்கலாம்’ என்று சொன்ன அன்றே அட்டையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். கல்கத்தா என்று எழுதிய கட்டத்தில் இருந்த ஒரு காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது.

“டேய், இதுல டைமண்ட் இருக்குடா!”

தேய்ந்துபோன, ஊசிமுனை போன்ற ஒரு டைமண்ட். இத்தனை நாளும் அது கல்கத்தா காசே இல்லை, பம்பாய்! அவர் ஊரெல்லாம் தேடிய மூன்றில் ஒன்று, அவர் அட்டையிலேயே தப்பான கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. எடுத்துச் சரியான கட்டத்தில் வைத்தார். இரண்டு நிமிஷம் சிரித்துக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் உறைத்தது. இப்போது அந்தக் கல்கத்தா கட்டம் காலி!

“போச்சுடா” என்றார். ஆனால் அதில் வருத்தம் தெரியவில்லை.

அந்த மூன்றில் இரண்டு பிறகு கிடைத்துவிட்டன. ஒன்று, தன்னிடம் உபரியாக இருந்த காசைக் கொடுத்து மாற்றிக்கொண்டது. போன மாதம் ஒரு கண்காட்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பளபளவென்று வெள்ளி ரூபாய்கள் அடுக்கிய மேஜையைத் தாண்டும்போது பார்க்கிறேன், மனுஷர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறார். “கை பின்னால இருந்தா பர்ஸ் முன்னால வராதுடா” என்றார். போலி ரூபாயை அவர் தூக்கி எறியவில்லை. லிஸ்டோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.

ஒரே ஒரு கட்டம்தான் இன்னும் பாக்கி. உங்கள் வீட்டு டப்பாவில் மூணு பைசா இருந்தால் வருஷத்துக்குக் கீழே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். குறி எதுவும் இல்லையென்றால் அது கல்கத்தா. எந்த வருஷத்துக் காசு வேண்டும் என்கிறீர்களா? அதைச் சொல்லக் கூடாது என்று சித்தப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தெரிந்தால் கடைக்காரர்கள் விலையை ஏற்றிவிடுவார்களாம்!