கோதுமை மணியும் கோடை வெப்பமும்

நாட்டின் வருமானம் உயர்ந்தால் மட்டும் போதாது. அது எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதும் முக்கியமாகும். பயிருக்கும் இது பொருந்தும். இலைகள் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்துச் சர்க்கரையாக மாற்றுகின்றன. இந்தக் கார்பன் வருவாய் வேர், தண்டு, இலை, கதிர் ஆகியவற்றுக்குப் பிரிந்து செல்கிறது. தானியமாக உழவர் வீடு சேர்வது கதிருக்குச் சென்ற பங்கு மட்டுமே.

1960-களின் பிற்பகுதியில் வட இந்தியாவில் பரவிய குட்டைக் கோதுமை ரகங்களின் வெற்றிக்கு இப்பங்கீடு ஒரு முக்கிய காரணம். நெட்டை ரகங்கள் தண்டுக்குச் செலவிட்ட கார்பனில் ஒரு பகுதி, குட்டை ரகங்களில் மணிகளுக்குச் சென்றது. பயிர் சாயாமல் நின்றதால் உரமும் கூடுதலாக இட முடிந்தது.

வெப்பத்தின் விளைவு

இப்பங்கீட்டைத் தட்பவெப்ப மாறுதல் இன்று குலைத்து வருகிறது. கோதுமை மணியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மாவுச்சத்தாகும். பூத்த பின் வரும் சில வாரங்களிலேயே அது சேர வேண்டும். அப்போது வெப்பநிலை 30 டிகிரி செல்சியசைத் தாண்டினால் இலைகள் முன்னதாகவே பழுக்கின்றன. சர்க்கரையை மாவுச்சத்தாக மாற்றும் நொதிகளின் வேகம் குன்றுகிறது. இரவும் வெப்பமாயின் பயிரின் சுவாசத்தில் கார்பன் மேலும் செலவாகிறது. தண்டில் சேமித்த சர்க்கரை ஓரளவு கைகொடுப்பினும் இழப்பு முழுவதையும் ஈடுசெய்வதில்லை. விதை, உரம், நீர் என யாவும் செலவிட்ட பின்னர், மணிகள் சுருங்கிவிடுகின்றன.

சராசரி உச்ச வெப்பநிலையைக் கொண்டு நோக்கின், 1901-க்குப் பின் இந்தியா கண்ட மார்ச் மாதங்களில் அதுவரை மிக வெப்பமானது 2022 மார்ச் ஆகும். அவ்வாண்டு பிப்ரவரியில் 11.13 கோடி டன் என்றிருந்த கோதுமை உற்பத்தி மதிப்பீடு, மே மாதத்தில் 10.64 கோடி டன்னாகக் குறைக்கப்பட்டது. மே 13-இல் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்பட்டது.

கரியமில வாயு மிகுந்தால் ஒளிச்சேர்க்கையும் மிகும் என்பது உண்மையே. ஆயினும் மணி நிரம்பும் காலம் சுருங்கினால் அவ்வருவாய் தானியமாவதில்லை. மேலும், அவ்வாயு மிகுந்த சூழலில் விளையும் மணிகளில் புரதமும் துத்தநாகமும் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

செய்யத்தக்கவை

மணி முற்றிய பின்னரே வெப்பம் வருமாறு விதைப்பை முற்படுத்துவதே எளிய வழி. பஞ்சாப், அரியானா மாநிலங்களில் நெல் அறுவடை தாமதமானால் கோதுமை விதைப்பும் தள்ளிப்போகிறது. உழாமலே விதைக்கும் கருவிகள் இத்தாமதத்தைக் குறைக்கின்றன. முன்விதைப்புக்கு ஏற்றவையும், தண்டுச் சேமிப்பை விரைந்து கதிருக்கு அனுப்புபவையுமான ரகங்களும் தேவை.

பயிரின் செழிப்பை மட்டும் கண்டு விளைச்சலை மதிப்பிடுவது இனிப் பொருந்தாது. மணி நிரம்பும் வாரங்களின் வெப்பநிலையும் கணக்கில் கொள்ளப்பட்டால்தான் கொள்முதல், கையிருப்பு, ஏற்றுமதி பற்றிய முடிவுகள் உரிய காலத்தில் அமையும்.