ஊசி குத்தினால் யார் பொறுப்பு?

சிறு கிளினிக்குகளில் ‘சிஸ்டர்’ என்றழைக்கப்படும் உதவியாளரே பயன்படுத்திய ஊசியையும் குருதி தோய்ந்த பஞ்சையும் அகற்றுகிறார். அப்பணி தலித் பெண்கள்மீதே சுமத்தப்படும் இடங்களில், வேலையைப் பங்கிடுவது சாதியே. பணி நியமன ஆணை இல்லாததால் தமக்கு உரிமையே இல்லையென அவர்கள் நம்பவைக்கப்படுகின்றனர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் அனைவருக்கும் பாதுகாப்புக் கருவிகள், பயிற்சி, ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகள், ஆண்டுக்கொருமுறை உடற்பரிசோதனை ஆகியவற்றை வழங்குமாறு கிளினிக் நடத்துபவரைப் பணிக்கின்றன. ஊசி குத்தினால் உடனே, 72 மணி நேரம் கடக்குமுன், அரசு மருத்துவமனையை நாடி எச்.ஐ.வி. தடுப்பு மருந்து பெற வேண்டும். நிகழ்வை எழுத்தில் தெரிவித்து நகலை வைத்துக்கொள்ளுதல் அவசியம். கிளினிக்கின் ஆண்டறிக்கையில் அது இடம்பெற்றாக வேண்டும். மறைத்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் முறையிடலாம்.